கால்மாட்டுப் பக்கத்து வரி

எட்மண்டன்
லண்டன், 24 மார்ச் 1993

அன்புள்ள மச்சாளுக்கு,

இருபதாம் திகதி சனிக்கிழமைக் கச்சேரிக்குப் பிறகு நாலைந்து தரம் போன் அடித்துப் பார்த்தேன். ஒருதரம் அருள்மலர் எடுத்து, "மம்மி குளிக்கிறா" என்றாள். அடுத்த தரம் எடுத்தபோதும் குளிக்கிறா என்றாள். பங்குனிக் குளிரில் ஒரு மனுசி இவ்வளவு குளித்தால் நிமோனியாதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. கச்சேரி பழுதில்லாமல் முடிந்தது. நீங்கள் கடைசிவரை இருக்கவில்லை என்பதால் சொல்கிறேன். எங்கள் வாத்தியக் குழுவை நடத்துகிற மிஸ்டர் பிரைஸ், அந்த வெள்ளைத் தாடிக்காரர், கோபிக்கவில்லை. "இப்படியும் நடக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது என்னவென்று உங்களுக்கு விளங்கப்படுத்தினால் மனம் ஆறும் என்று நினைக்கிறேன். நாங்கள் வாசித்த அந்த இசைத்துண்டை ஒரு இங்கிலிஸ்காரர் 1911இல் எழுதினார், வயலின் குடும்பத்து வாத்தியங்களுக்கு மட்டும். எங்கேயோ பழைய புத்தகத்தில் கிடந்த ஒரு லத்தீன் மெட்டை எடுத்து அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அந்த வேதக் கோயிலின் பின்பக்கத்து மாடத்தில் ஒன்பது பேர் நின்று மெட்டின் முதல் வரியைத் தனியே வாசிப்பார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வாசிக்கக்கூடாது. அந்த மௌனமும் எழுதப்பட்டதுதான் மச்சாள். இசைத்தாளில் அதற்கு மேலே கண் மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறது. நடத்துகிறவர் கையை இறக்கும்வரை எல்லாரும் பொறுத்திருந்து, பிறகுதான் கீழே இருக்கிற நாங்கள் பதில் வாசிக்க வேண்டும். நீங்கள் அந்த மௌனத்துக்குள் எழும்பி நின்று பாடிவிட்டீர்கள்.

குறை சொல்லவில்லை. தாளைப் பார்க்காத உங்களுக்கு எப்படித் தெரியும்? சனம் திரும்பிப் பார்த்ததையும் பெரிதாக எடுக்க வேண்டாம். இங்கத்தைச் சனம் ஒருவர் இருமினாலும் திரும்பிப் பார்க்கும். அண்ணை வந்து இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நீங்கள் றோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்த டின் என்னிடம் இருக்கிறது. நாங்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் கதவடி ஹீட்டருக்கு மேலே இருந்தது. நீங்கள் எப்போது கொண்டுவந்து வைத்தீர்கள்? நான் காணவில்லையே.

பதில் எழுதுங்கள்.

அன்புடன்
றோஸ்மலர்


கிங்ஸ்பரி
29 மார்ச் 1993

றோஸுக்கு,

சுகம் விசாரித்திருந்தாய். குளித்துச் சுத்தமாக இருக்கிறேன்.

டின்னை எப்போது வைத்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். இடைவேளையில், உன்னோடு ஒரே தாள் ஸ்டாண்டில் வாசிக்கிற அந்தக் கண்ணாடிக்காரி, "பாடின அந்த அம்மா ஆர்? உனக்குத் தெரிஞ்சவவா?" என்று கேட்டாளே, அப்போது வைத்தேன். நீ "தெரியாது, இந்தப் பக்கத்தில ஆரோ ஒரு ஆள்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வயோலாவைத் துடைத்தாய். கதவு பாதி திறந்திருந்தது. இங்கிலிஸில் உனக்கு எவ்வளவு சுருக்காக வந்தது! நான் உனக்கு இங்கிலிஸ் கட்டுரை சொல்லித்தந்த காலத்தில் ஒரு வசனத்துக்கு ஒரு மணித்தியாலம் பேனையைக் கடிப்பாய்.

ஆண்டவரைத் தெரியாதென்று சொன்ன இராயப்பருக்காவது சேவல் கூவியது. உனக்கு றோல்ஸ் டின்.

மச்சாள் வெள்ளைக்காரருக்கு முன்னால் கத்திப்போட்டா என்றுதானே உனக்கு வெட்கம்? எனக்கும் வெட்கம்தான், அதை நீ சொல்லித்தர வேண்டாம். போகும்போது ஆர்ச்வேயில் இறங்கி, முருகன் கோயிலுக்குப் போகிற பட்டுச் சேலைக்காரிகளோடு மேட்டில் ஏறினேன். அவர்களில் ஒருத்தி, "நீங்களும் கோயிலுக்கோ?" என்று கேட்டாள். "இல்லை, என்ர மச்சாள் கச்சேரி வாசிக்கிறா" என்று பெருமையாகச் சொன்னேன். திரும்பி வரும்போது ஒருவரோடும் கதைக்கவில்லை. ரயிலில் அருள்மலர்கூட என் பக்கத்தில் இராமல் எதிர்ச் சீட்டில் போய் இருந்தாள்.

ஆனால் மௌனம் எழுதப்பட்டது என்று எனக்குப் பாடம் நடத்துகிறாயே, அதைத்தான் பொறுக்க ஏலாமல் இருக்கிறது. உன் இங்கிலிஸ்காரருக்கு அந்த மெட்டு எங்கே கிடைத்ததோ எனக்குத் தெரியாது. மன்னாரில் எங்கள் ஊருக்கு அதை எந்தக் காலத்திலோ குருமார் கொண்டுவந்தார்கள். அது செத்த வீட்டுப் பாட்டு. பிரேதம் எடுக்கும்போது தலைமாட்டில் நிற்கிறவர்கள் ஒரு வரி பாடினால், கால்மாட்டில் நிற்கிறவர்கள் மறுவரியை எடுக்க வேண்டும். மூச்சு விடுகிற நேரம்கூடப் பொறுப்பதில்லை. பதில் வராவிட்டால் ஆத்துமம் வாசற்படி தாண்டாது என்று சொல்வார்கள். இதெல்லாம் உனக்கும் தெரியும், நீ லண்டனில் பிறந்தவள் இல்லை.

மேலே இருந்து ஒரு வரி வந்தது. கீழே அத்தனை பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி சும்மா இருந்தீர்கள். மறந்துபோனீர்கள் என்று நினைத்தேன். என் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

டின்னை நீயே வைத்துக்கொள். எனக்கு வேறு இருக்கிறது. உன் அண்ணையை இந்தக் கதைக்குள் இழுக்காதே.

இம்மாகுலேற்


எட்மண்டன்
4 ஏப்ரல் 1993, குருத்து ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று அந்த டின்னைக் கண்டவுடனே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் தெரியாதவள் மாதிரி உங்களுக்கு எழுதினேன். உங்கள் வாயாலேயே "நான் கேட்கவில்லை" என்று வந்துவிடாதா என்று பார்த்தேன். எவ்வளவு கேவலம்.

இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் விருப்பம். அந்த றோல்ஸை எல்லாரும் சாப்பிட்டார்கள். என் பக்கத்தில் வாசிக்கிற அந்தக் கண்ணாடிக்காரி மார்கரெட், ஆர் செய்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? தெரியாத ஆள் எங்களுக்கு றோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவாவா? மார்கரெட் எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டும் போனாள். நானும் ஒன்று தின்றேன் மச்சாள்.

அதைவிடப் பெரிது ஒன்று. அது எந்தப் பாட்டென்று எனக்குத் தை மாதத்திலேயே தெரியும். வயோலாக்காரருக்கு அந்தத் துண்டில் மெட்டு வராது, நடுவில் நின்று இரைகிற வேலைதான் எங்களுக்கு. ஆனால் மாடத்தில் நின்றவர்கள் முதல்தரம் வாசித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கேள்விமேல் கேள்வி வரும், பிறகு தேநீர் இடைவேளை எல்லாம் நான் மன்னாரைப் பற்றியே கதைக்க வேண்டும். வேலை செய்கிற ஆஸ்பத்திரி மருந்தறையில் பகலெல்லாம் "உங்கட நாட்டில என்ன நடக்குது?" என்று கேட்கிறார்கள். வியாழக்கிழமை ஒத்திகையில் இரண்டு மணித்தியாலமாவது வெறும் வயோலாக்காரியாக இருக்க எனக்கு ஆசை.

உங்களுக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் டிக்கெட்டைத் தந்தேன். உங்களுக்குப் பிடிபடுகிறதா, முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம் எனக்கு. பகிடிக்குச் செய்தது. கடவுளே, செத்த வீட்டுப் பாட்டை வைத்துப் பகிடி.

போன வியாழக்கிழமை ஒத்திகையில் எழும்பி நின்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பாடியது என் மச்சாள், றோல்ஸும் அவவுடையது, இரண்டிலும் நான் பொய் சொன்னேன் என்றேன். அன்று ஏப்ரல் முதலாம் திகதி. பகிடி விடுகிறேன் என்று நினைத்துப் பாதிப் பேர் சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. அவள் இப்போது என்னோடு அளவோடுதான் கதைக்கிறாள்.

மிஸ்டர் பிரைஸுக்கு மட்டும் பெரிய சந்தோசம். மே மாதம் அதே கோயிலில் திரும்பவும் வாசிக்கிறோம். துண்டு தொடங்குமுன் நீங்கள் வந்து அந்தப் பாட்டைத் தமிழில் பாட ஏலுமா என்று கேட்கிறார். நிகழ்ச்சித் தாளில் உங்கள் பெயரைப் போடுவாராம். எனக்கும் அது நல்லதாகத்தான் படுகிறது. அன்று திரும்பிப் பார்த்த சனமே கை தட்டும், என் மச்சாள் என்று நானே எழும்பிச் சொல்வேன். யோசித்துப் பாருங்கள்.

உங்கள்
றோஸ்மலர்


கிங்ஸ்பரி
12 ஏப்ரல் 1993

றோஸுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. நேற்றே எழுத இருந்தேன். நல்ல நாளில் கோபமாக எழுதக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

றோல்ஸுக்கு மன்னிப்பு. வயிற்றுக்குள் போனது போனதுதான், ஆனால் மார்கரெட்டுக்கு நீ சொல்லிக்கொடுத்த மாதிரிச் செய்தால் அவள் வீட்டார் மூன்று நாள் படுப்பார்கள். தெரியாதென்று சொன்னதற்கும் மன்னிப்பு. சபையில் எழும்பி நின்று சொன்னாயே, அது எனக்குப் போதும்.

பாட வா என்று கேட்டாயே, அதுதான் ஏலாது. நிகழ்ச்சித் தாளில் பெயராம், கைதட்டாம். அந்தப் பாட்டைப் பாட ஒரு செத்தவர் வேண்டும் றோஸ். சும்மா நின்று பாட அது வாழ்த்துப் பாட்டா?

நான் எதற்காகக் குளியலறைக்குள் ஒளித்திருந்தேன் என்று உனக்கு இன்னும் விளங்கவில்லை. வெள்ளைக்காரர் பார்த்ததற்கு என்று நினைக்கிறாய். அவர்கள் என்னைத் தினமும் வேலைசெய்கிற லைபிரரியில் பார்க்கிறார்கள், நானும் அவர்களைப் பார்க்கிறேன். கேள்.

கஸ்பர் படகேறி ஏழு வருசம் தாண்டிவிட்டது. என்னையும் பிள்ளையையும் பிளேனில் ஏற்றிவிட்டு, "நான் இந்தியா போய் அங்கயிருந்து வாறன், நீங்கள் முதலில போங்கோ" என்றவர். படகும் கரை சேரவில்லை, ஏறின சனமும் சேரவில்லை. பிரேதமும் இல்லை. உன் அண்ணையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த ஏழு வருசத்தில் அவர் இல்லை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்டவர்களுக்கு, எங்கேயாவது ஒரு முகாமில் இருப்பார் என்றேன். தாலியைக் கழற்றவில்லை. கவுன்சில்காரி, விதவை என்று எழுதட்டுமா என்று கேட்டபோது அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். பூசை ஒப்புக்கொடுக்கும்போதெல்லாம் பயணம் போனவர்களுக்காக என்றுதான் கொடுத்தேன். செத்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று ஒருநாளும் கொடுத்ததில்லை.

அன்று நான் எடுத்தது கால்மாட்டுப் பக்கத்து வரி. தலைமாட்டில் ஆர் நிற்பது? செத்தவரின் சகோதரங்கள். கால்மாட்டில் ஆர்? கட்டினவளும் அவள் ஆட்களும். எத்தனையோ செத்த வீடுகளில் கூட்டத்தோடு நின்று முணுமுணுத்திருக்கிறேன். கட்டினவளாக நின்று எடுத்தது அன்றுதான். பாடி முடித்து உட்கார்ந்த பிறகுதான், ஆருக்கு எடுத்தேன் என்று தெரிந்தது.

ரயிலில் அருள்மலர், அது என்ன பாட்டு என்று கேட்டாள். செத்த வீட்டுப் பாட்டு என்றேன். "ஆர் செத்தது, மம்மி?" என்று கேட்டாள். நான் கைப்பைக்குள் டிக்கெட்டைத் தேடினேன். அதற்குப் பிறகுதான் அவள் எழும்பி எதிர்ச் சீட்டில் போய் இருந்தாள்.

என் மனுசனை நானே என் வாயால் சாகடித்துப்போட்டேன். அதுவும் நல்ல சேலை உடுத்து, டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய். இப்போது ஜெபமாலையைக் கையில் எடுத்தால் ஆருக்காகச் சொல்வதென்று தெரியவில்லை. இந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

இம்மாகுலேற்


எட்மண்டன்
19 ஏப்ரல் 1993

மச்சாள்,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் பிரித்தேன். ஆஸ்பத்திரியில் இறங்கவில்லை. பஸ் கடைசி வரை போய் நின்று, ட்ரைவர் வந்து தட்டியபோதுதான் எழும்பினேன்.

மூன்றாம் வரி என்னுடையது.

நீங்கள் பாடி முடித்ததும் மிஸ்டர் பிரைஸ் கையை இறக்கவில்லை. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கோயிலில் ஒரு சத்தமில்லை. அந்த இடத்தில் தலைமாட்டுப் பக்கம் அடுத்த வரியை எடுக்க வேண்டும். அண்ணைக்கு நான் ஒருத்திதானே சகோதரம். எனக்கு வரி தெரியும் மச்சாள், வாய்வரை வந்துவிட்டது. நீங்கள் அந்தப் பச்சைச் சேலையோடு நின்றீர்கள். உட்காராமல் நின்றீர்கள். நான் தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கையை இறக்கினார், எல்லாரும் வாசித்தார்கள், நானும் வாசித்தேன். உங்களைத் தெரியாது என்று சொன்னது அதற்குப் பிறகு. முதலில் உங்களைத் தனியே நிற்க விட்டது இந்த இடத்தில்தான். அதை நான் சபையில் சொல்லவில்லை, உங்களுக்கும் எழுதவில்லை. இதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இன்னொன்றையும் எழுதுகிறேன். நீங்கள் "கொண்ணை வருவார்" என்று சொல்லும்போதெல்லாம் நான் "ஓம் மச்சாள்" என்பேன். எனக்கு நம்பிக்கை போய்க் கன காலம். நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று பயந்து சொன்னேன். ஒருவேளை நீங்களும் எனக்காகத்தான் சொன்னீர்களோ தெரியாது.

மிஸ்டர் பிரைஸிடம் மச்சாள் பாட மாட்டா என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அது எங்கள் வீட்டு அலுவல் என்றேன். மே மாதம் நானும் வாசிக்கப் போவதில்லை. வயோலாப் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

ஒன்று கேட்கலாமா? அண்ணைக்கு ஒரு பூசை கொடுப்போமா, ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று சொல்லி? உங்களுக்கு மனமில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். பிறகு ஒருநாளும் நான் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீங்கள் வருவார் என்று சொன்னால் நானும் வருவார் என்றே சொல்வேன்.

றோஸ்


கிங்ஸ்பரி
3 மே 1993

றோஸுக்கு,

உன் கடிதத்தை அருள்மலருக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் கேட்டால் எல்லாம் விளங்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு முந்தியே தெரியும் மம்மி. நீங்கள் பாவம் எண்டு சொல்லேல்ல" என்றாள். பதின்மூன்று வயசு. ஒரு குடும்பத்துப் பெண்கள் மூன்று பேரும் ஆளுக்காள் பொய் சொல்லிக்கொண்டு எத்தனை வருசம் இருந்திருக்கிறோம் பார்.

அன்றைக்கு அவளும் நானும் ஒரு கட்டிலில் படுத்தோம். நல்லாக அழுதோம். அழுது முடிய அவளுக்குப் பசித்துவிட்டது, முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

பூசை கொடுப்போம். ஆனால் சுவாமியாரிடம் சொல்ல என்னால் ஏலாது. இரண்டு தரம் இங்கே சுவாமியாரின் வாசல்வரை போனேன். முதல்தரம் பெல்லை அடிக்காமல் திரும்பினேன். இரண்டாம் தரம் அவரே கதவைத் திறந்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஏழைகளுக்குப் பழைய உடுப்புச் சேர்க்கட்டுமா, ஃபாதர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஞாயிறு பூசையில் அறிவித்துவிட்டார். இப்போது கிங்ஸ்பரிச் சனமெல்லாம் பை பையாகக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்குகிறது. உள்ளே நடக்க இடமில்லை.

என் வாய் ஒருதரம் சொல்லிவிட்டது. இரண்டாம் தரம் அது வராதாம். நீ சொல். உன் பங்குக் கோயிலில் சொல், நாங்கள் எட்மண்டனுக்கு வருகிறோம். தலைமாட்டுப் பக்கம்தானே முதலில் தொடங்குவது.

வயோலாவை அலுமாரிக்கு மேலே ஏற்றினாயாம். விசர்க் கதை. இறக்கி வை.

மச்சாள்


எட்மண்டன்
10 மே 1993

அன்புள்ள மச்சாளுக்கு,

நேற்றுப் பூசை முடிந்து சுவாமியாரிடம் சொன்னேன். வருகிற ஞாயிறு பதினொரு மணிப் பூசையில் பெயர் வாசிப்பார். நீங்கள் இருவரும் சனிக்கிழமையே வந்து இங்கே தங்குங்கள். வயோலாவை இறக்கிவிட்டேன்.

எங்கள் சுவாமியார் ஐரிஸ்காரர், நல்ல மனுசன், காது கொஞ்சம் மந்தம். அதனால் மெல்லச் சொல்லிவிட்டு ஓட வழியில்லாமல் போய்விட்டது. கோயில் வாசலில், போகிற சனம் எல்லாம் கேட்க, "என் அண்ணை செத்துவிட்டார்" என்று மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. மூன்றாம் தரம்தான் எனக்கே அது கேட்டது. அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் தந்தார்.

பெயர் கேட்டார், சொன்னேன். பிறகு, எப்போது செத்தவர் என்று கேட்டார். ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் நினைவுகூர வேண்டுமாம். நாங்கள் இதை யோசிக்கவே இல்லையே மச்சாள். படகேறிய நாளைச் சொல்ல வாயெடுத்தேன். மனம் கேட்கவில்லை. அதைச் சொன்னால், நீங்கள் ஏழு வருசமாக ஆட்களுக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அது பொய் இல்லை. அவ்வளவு காலமும் அவரை நீங்கள் வைத்திருந்தீர்கள்.

இந்த மார்ச் இருபதாம் திகதி என்றேன்.

எங்கே என்று கேட்டார். ஆர்ச்வேயில், ஒரு கோயிலுக்குள் என்றேன். சுவாமியாரின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் ஆராவது இருந்தார்களா என்று கேட்டார்.

"கட்டினவ இருந்தா, மகள் இருந்தாள், தங்கச்சி நானும் இருந்தன்" என்றேன்.

"அப்படியென்றால் அது நல்ல மரணம், பிள்ளை" என்றார்.

ஓம் ஃபாதர் என்றேன்.

உங்கள்
றோஸ்மலர்